உரத்தைக் குறைப்பதை யூரியாவில் தொடங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காய்கறிச் சாகுபடியில் ரசாயன உரத்தில் ஒரு பகுதியைக் குறைத்து, அந்த இடத்தில் இயற்கை உரம் இடலாம் என்று தங்கள் வேளாண் பக்கத்தில் வந்த கட்டுரை நல்ல கட்டுரைதான். நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எந்த உரத்தை, எவ்வளவு, எந்த நாளில் குறைப்பது என்பது அதில் இல்லை. அதைப் படித்துவிட்டு ஒருவர் நாளைக்கே நாலு மூட்டைக்குப் பதில் மூன்று மூட்டை போட்டு, மிச்ச ஒரு மூட்டைக்கு ஈடாக ஒரு மூட்டை மண்புழு உரத்தை வீசினால் செடி மஞ்சளடித்துப் போகும். அப்புறம் அவர் இயற்கை உரத்தின் பக்கமே திரும்ப மாட்டார். மூட்டைக்கு மூட்டை என்ற கணக்கு இங்கே செல்லாது. சத்துக்குச் சத்து என்று பார்க்க வேண்டும். அதிலும் மூன்று சத்துகளுக்கும் மூன்று விதமான கணக்கு.

ஒரு டன் நல்ல மக்கிய தொழுவுரத்தில் ஏறக்குறைய 5 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்), 2 கிலோ மணிச்சத்து (பாஸ்பரஸ்), 5 கிலோ சாம்பல்சத்து (பொட்டாசியம்) இருக்கும். 45 கிலோ யூரியா மூட்டையில் 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது 20 கிலோவுக்குச் சற்று மேல். காகிதத்தில் பார்த்தால் ஒரு மூட்டை யூரியாவுக்கு 4 டன் தொழுவுரம் சரியாகப் போய்விடும் போலத் தோன்றும். அங்கேதான் சறுக்கல். தொழுவுரத்தில் உள்ள தழைச்சத்தில் முதல் பயிருக்குக் கிடைப்பது சுமார் 30 சதவீதம்தான். மிச்சம் மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் சிதைக்கச் சிதைக்க அடுத்தடுத்த பயிருக்குத்தான் வரும். அந்தக் கணக்கில் ஒரு மூட்டை யூரியாவை இந்தப் பருவத்திலேயே ஈடுகட்ட 13, 14 டன் தொழுவுரம் வேண்டும். ஏக்கருக்கு அவ்வளவு எருவுக்கு எங்கே போவது?

சாம்பல்சத்து அப்படி அல்ல. அது சாணத்திலும் வைக்கோலிலும் உயிர்ப்பொருளோடு பிணைந்து கிடப்பதில்லை, நீரில் கரையும் வடிவிலேயே இருக்கிறது. எருவை மண்ணில் சேர்த்த அதே பருவத்தில் பெரும்பகுதி பயிருக்குக் கிடைத்துவிடும். 50 கிலோ பொட்டாஷ் மூட்டையில் இருப்பது 30 கிலோ சாம்பல்சத்து. 6 டன் தொழுவுரத்தில் அது வந்துவிடுகிறது. மணிச்சத்து இரண்டுக்கும் நடுவில்: எருவில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை முதல் பயிர் எடுத்துக்கொள்ளும் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே ரசாயன உரத்தைக் குறைக்க நினைக்கும் காய்கறி விவசாயி முதலில் கைவைக்க வேண்டியது பொட்டாஷிலும், மணிச்சத்துக்காகப் போடும் டிஏபியிலும். யூரியாவில் அல்ல. யூரியாவைக் கடைசியாக, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். ஊரில் நடப்பது தலைகீழ். யூரியா கெடுதல் என்று கேள்விப்பட்டு அதை முதலில் நிறுத்துகிறார்கள், மூன்று சத்தும் சம அளவில் உள்ள 17:17:17 காம்ப்ளக்ஸை மட்டும் வழக்கம்போல் போடுகிறார்கள்.

பல ஆண்டு டிஏபியும் காம்ப்ளக்ஸும் விழுந்த தோட்டங்களில் மணிச்சத்து தேங்கிக் கிடக்கிறது. மண் பரிசோதனை முடிவில் மணிச்சத்து எக்டருக்கு 11 கிலோவுக்குக் கீழ் என்றால் குறைவு, 11 முதல் 22 வரை நடுத்தரம், 22க்கு மேல் அதிகம். சாம்பல்சத்துக்கு 118, 280 என்பவை எல்லைகள். மணிச்சத்து அதிகம் என்று வந்த நிலத்தில் மேலும் மேலும் டிஏபி போடுவது காசை மண்ணில் புதைப்பது மட்டுமல்ல, துத்தநாகம் பயிருக்குக் கிடைப்பதையும் தடுக்கும். தக்காளியிலும் கத்தரியிலும் இலை சிறுத்து, கணு நெருங்கி நிற்பதைப் பார்த்து வைரஸ் என்று மருந்தடிக்கும் தோட்டங்களில் சிலவற்றுக்குக் காரணம் இதுதான்.

இதைக் கண்ணால் காட்டும் எளிய கணக்கு பாகல், புடல், பீர்க்கன் குழிகளில் இருக்கிறது. பரிந்துரைப்படி ஒரு குழிக்கு 10 கிலோ தொழுவுரம், அடியுரமாக 6:12:12 கலப்பு உரம் 100 கிராம். அந்த 100 கிராமில் இருப்பது தழை 6 கிராம், மணி 12 கிராம், சாம்பல் 12 கிராம். 10 கிலோ எருவில் இருப்பதோ தழை 50, மணி 20, சாம்பல் 50 கிராம். எரு நன்றாக மக்கியிருந்தால் குழியின் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் ஏறக்குறைய எருவிலேயே முடிந்துவிடுகின்றன. மண்ணில் அவை நடுத்தரத்துக்கு மேல் இருக்கும் தோட்டத்தில் அந்தக் கலப்பு உரத்தைப் பாதியாக்கிவிட்டு, 30ஆம் நாள் குழிக்கு 10 கிராம் தழைச்சத்தை, அதாவது 22 கிராம் யூரியாவை மட்டும் தவறாமல் கொடுத்தால் கொடி தளராது. பந்தல் காய்கறிகள்தான் இந்த மாற்றத்துக்கு முதல் பயிர் என்று சொல்வேன். எரு சிதறாமல் வேர் இருக்கும் இடத்திலேயே விழுகிறது.

இனி பார் பிடித்து நடும் பயிருக்கு வருவோம். கத்தரியில் ரகங்களுக்கு எக்டருக்கு 25 டன் தொழுவுரம், தழை 100, மணி 50, சாம்பல் 30 கிலோ என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. ஏக்கருக்கு 10 டன் எரு, 40:20:12. வீரிய ஒட்டு என்றால் 80:60:40. இதில் கவனிக்க வேண்டியது, எரு பரிந்துரையின் முதல் வரியிலேயே இருக்கிறது. அதைப் போடாமல் விட்டுவிட்டு மிச்ச மூன்று எண்களை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் நாம். எனவே, 10 டன் எரு போட்டேன், அதனால் யூரியாவைக் குறைத்தேன் என்பது சரியான கழித்தல் அல்ல. அந்த எருவைக் கணக்கில் வைத்துத்தான் 40 கிலோ என்றே சொல்லியிருக்கிறார்கள். தழைச்சத்தைக் குறைக்க வேண்டுமானால் அதற்கு மேல் வேறொன்று வேண்டும்.

ரகக் கத்தரிக்கு ஓர் ஏக்கர் திட்டம் இப்படி இருக்கலாம். நடவுக்கு இரண்டு மாதம் முன்பே தண்ணீர் இருந்தால் பசுந்தாள் உரப் பயிரான சணப்பை ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, 40 முதல் 45 நாளில் பூக்கத் தொடங்கும்போது மடக்கி உழ வேண்டும். முற்ற விட்டால் தண்டு நார்ப்பிடித்து மக்க நாளாகும். உழுதபின் 15 முதல் 20 நாள் ஈரத்தோடு விட்டபிறகே நாற்று. இதைச் செய்தவர்கள் 10 டன் எருவுக்குப் பதில் 5 டன்னோடு நிற்கலாம். கடைசி உழவில் வேப்பம்புண்ணாக்கு 100 கிலோ. மண்புழு உரம் 500 கிலோவை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டாகப் பிரித்து மேலுரத்தோடு வைக்க வேண்டும். புண்ணாக்கில் 5 சதவீதம் தழைச்சத்து என்றால் 5 கிலோ, மண்புழு உரத்தில் 1.2 சதவீதம் என்றால் 6 கிலோ. மொத்தம் 11 கிலோ, 40இல் கால் பங்குக்குச் சற்று மேல். ஆனால் முதல் பயிரில் அத்தனையும் வராது என்பதால் முதல் ஆண்டில் 8 கிலோ மட்டும் கழியுங்கள். அடுத்த ஆண்டு அதே நிலத்தில் 10 கிலோ கழிக்கலாம்.

40 கிலோ தழைச்சத்து என்பது 87 கிலோ யூரியா. 8 கிலோ கழித்தால் 70 கிலோ. இதை அடியுரமாக 20, நட்ட 30ஆம் நாள் களை எடுத்து மண் அணைக்கும்போது 25, முதல் இரண்டு பறிப்பு முடிந்தபின் 25 என்று மூன்றாகக் கொடுப்பது நல்லது. கத்தரி ஐந்தாறு மாதம் காய்க்கும் பயிர். பாதியை அடியில் போட்டு மிச்சத்தை 30ஆம் நாளே முடித்துவிட்டால் காய்ப்பு உச்சத்தில் செடி இளைக்கும். மேலுரம் இரண்டு தடவையும் செடியிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சிறு குழி பறித்து, 250 கிலோ மண்புழு உரத்தோடு சேர்த்து வைத்து மண்ணால் மூடுங்கள். மேலே தூவி மூடாமல் விட்டால் யூரியாவில் ஒரு பங்கு ஆவியாகும், மண்புழு உரமும் வெயிலில் காய்ந்து புழுதியாகிவிடும்.

மணிச்சத்துக்கு டிஏபியை விட்டுவிட்டு சூப்பர் பாஸ்பேட்டுக்கு மாறுவதே இந்தத் திட்டத்துக்குப் பொருந்தும். 20 கிலோ மணிச்சத்துக்கு 125 கிலோ சூப்பர். மண் பரிசோதனையில் மணிச்சத்து அதிகம் என்று வந்திருந்தால் 60 கிலோ போதும். அதையும் நேரடியாகத் தூவாமல், 300 கிலோ சலித்த தொழுவுரத்தோடு கலந்து, லேசாக ஈரமாக்கி, நிழலில் குவித்து, மேலே சேற்று மண் பூசி 30 நாள் மூடி வைத்து எடுத்து நடவுச் சாலில் இட்டால் நம் சுண்ணாம்புச் செம்மண்ணில் மணிச்சத்து மண்ணோடு பிடித்துக்கொள்வது குறையும். இது ஊட்டமேற்றிய தொழுவுரம் என்ற பெயரில் பல்கலைக்கழகம் வெகுகாலமாகச் சொல்லி வருவது. வேலை கொஞ்சம்தான், ஆனால் செய்பவர்கள் அதைவிடக் கொஞ்சம். 12 கிலோ சாம்பல்சத்துக்கு வேண்டிய 20 கிலோ பொட்டாஷை, 10 டன் எரு உண்மையில் போட்டு, சாம்பல்சத்து 280க்கு மேல் என்றும் முடிவு வந்திருந்தால், அந்தப் பருவத்துக்கு அடித்துவிடலாம்.

இங்கே அடிக்கடி நேரும் ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். டிஏபியை நிறுத்துகிறவர்கள் அதில் மணிச்சத்து மட்டும்தான் இருக்கிறது என்று நினைக்கிறார்கள். 50 கிலோ டிஏபி மூட்டையில் 9 கிலோ தழைச்சத்தும் சேர்ந்து இருக்கிறது. ஒரு மூட்டையை நிறுத்தினால் ஏறக்குறைய 20 கிலோ யூரியாவையும் சேர்த்து நிறுத்தியதாக ஆகிறது. அதோடு யூரியாவிலும் கால் பங்கு வெட்டினால் நட்ட மூன்று வாரத்தில் செடி வெளுக்கும். அடி இலைகள் முழுதும் ஒரே சீராக மஞ்சளானால் தழைச்சத்துப் பற்றாக்குறை. ஏக்கருக்கு 10 கிலோ யூரியாவை உடனே வைத்துத் தண்ணீர் கட்டலாம், அவசரமென்றால் லிட்டருக்கு 10 கிராம் கலந்து மாலையில் தெளிக்கலாம். நுனி இலைகள் மட்டும் மஞ்சளாகி நரம்பு பச்சையாக நின்றால் அது இரும்புச் சத்துக் குறை, யூரியாவுக்கு அடங்காது. இந்த வேறுபாடு தெரியாமல் எத்தனையோ தோட்டங்களில் இயற்கை உரத்தின் மேல் பழி விழுந்திருக்கிறது.

எருவின் தரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுத வேண்டும். மேலே சொன்ன அத்தனை கணக்கும் எரு எருவாக இருந்தால்தான். டிராக்டர் லோடு கணக்கில் வரும் குப்பையில் பாதி தண்ணீர், கால் பங்கு மண். ஒரு கைப்பிடியைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு நீர் ஊற்றிக் குலுக்கி, பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். அடியில் படியும் மணல் எவ்வளவு என்று தெரிந்துவிடும். குவியலுக்குள் கடப்பாரையைச் செருகி, கால் மணி நேரம் கழித்து உருவித் தொட்டால் சுடக்கூடாது. சுட்டால் இன்னும் வெந்துகொண்டிருக்கிறது என்று பொருள். ஒரு பிளாஸ்டிக் பையில் ஈரமாக்கிய எருவைக் கட்டி மூன்று நாள் நிழலில் வைத்துத் திறந்து மோந்தால் மண்வாசனை வர வேண்டும். மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால் நாற்றின் வேர் கருகும். இன்னும் சந்தேகமா? ஒரு தொட்டியில் எருவையும் மண்ணையும் சரிபாதி கலந்து பத்துப் பச்சைப்பயறு போடுங்கள். ஒரு வாரத்தில் அது சொல்லிவிடும்.

மக்காத எரு கொண்டுவரும் தொல்லைகள் எல்லோரும் அறிந்தவை: சாரணையும் பார்த்தீனியமும் வயல் முழுக்க முளைக்கும், வேர்ப்புழு வரும். குவியலின் நடுவில் வெப்பம் 55 டிகிரியைத் தாண்டிச் சில நாள் நின்றால்தான் களை விதை சாகும். அதற்கு மூன்றடி உயரமாவது குவிக்க வேண்டும், பிழிந்தால் ஓரிரு சொட்டு வரும் ஈரம் வேண்டும், மாதம் ஒரு தடவை வெளிப்புறம் உள்ளே போகும்படி புரட்ட வேண்டும். குழியில் வெள்ளைப் புழு கண்டால் புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சையைக் கலந்து, சலித்தே வயலுக்கு எடுத்துப் போக வேண்டும். கோரைக் கிழங்கு மட்டும் இதற்கெல்லாம் மசியாது. அது இருக்கும் இடத்துக் குப்பையை வாங்காமல் இருப்பதே வழி.

மக்கிய எருவையும் கெடுக்கும் வழக்கம் ஒன்று நம்மிடம் இருக்கிறது. வயலில் பத்தடிக்கு ஒரு குவியலாகக் கொட்டிவிட்டு, உழவு வண்டி கிடைக்கும் வரை ஒரு வாரம் வெயிலில் போட்டு வைப்பார்கள். தழைச்சத்தில் கரைந்து நிற்கும் பகுதி அம்மோனியாவாகப் பறந்துவிடும். அந்த ஒரு பகுதிதான் முதல் மாதத்துக்கு உதவக்கூடியது. கொட்டிய அன்றே கலைத்து, அன்றே உழுது மூட வேண்டும். உழவு வண்டிக்கு நாள் குறித்துக்கொண்டு எருவை இறக்குங்கள், எருவை இறக்கிவிட்டு வண்டியைத் தேடாதீர்கள்.

தென்னைநார்க் கழிவை அப்படியே போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் நூறுக்கு மேல். மண்ணில் விழுந்ததும் அதைச் சிதைக்க வரும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்து, அதாவது நாம் போட்ட யூரியாவிலிருந்து எடுத்துக்கொள்ளும். பயிர் பட்டினி கிடக்கும். சிப்பிக் காளான் வித்தும், டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் அடுக்கடுக்காகச் சேர்த்து மக்க வைத்தால் விகிதம் 24க்கு இறங்கும். அப்புறம் அது நல்ல உரம். மரத்தூளுக்கும் பச்சைக் கரும்புச் சோகைக்கும் இதே கதைதான்.

கோழி எரு வேறு வகை. அதில் தழைச்சத்து 3 சதவீதத்தை ஒட்டியும் மணிச்சத்து 2.5 சதவீதத்துக்கு மேலும் இருக்கும். வேலையும் வேகமாகச் செய்யும். நாமக்கல் பக்கமிருந்து லாரியில் வருவதால் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் காய்கறிக்காரர்கள் விரும்பி வாங்குகிறார்கள். ஆனால் உப்பும் சுண்ணாம்பும் அதிகம். கிணற்று நீரே உப்பாக இருக்கும் நிலத்தில் அதைத் தொடர்ந்து கொட்டினால் பீன்ஸ், வெங்காயம் முளைக்கவே திணறும். மக்க வைக்காமல் போடவே கூடாது. ஏக்கருக்கு ஒரு டன்னைத் தாண்ட வேண்டாம். அது போட்ட பருவத்தில் டிஏபி தேவையே இல்லை. வேப்பம்புண்ணாக்கில் கலப்படம் தாராளம்: நிலக்கடலைத் தோலும் மண்ணும் கலந்து வருகிறது. நுனி நாக்கில் வைத்தால் கசப்பு ஏறாத புண்ணாக்கை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். யூரியா மெதுவாகச் சத்து விட, அதோடு புண்ணாக்கைக் கலந்து ஓர் இரவு வைக்கச் சொல்லும் பழைய அறிவுரையை இன்னும் சிலர் சொல்கிறார்கள். 2015 முதல் நாட்டில் வரும் யூரியா முழுவதும் வேம்பு பூசியதுதான். புண்ணாக்கை மண்ணுக்குப் போடுங்கள், நூற்புழுவைக் கட்டுப்படுத்தவாவது உதவும்.

ஜீவாமிர்தம் பற்றிச் சொன்னால் சிலர் வருத்தப்படுவார்கள். இருந்தாலும் கணக்கைப் பார்ப்போம். ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசலில் 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ பயறு மாவு, 2 கிலோ வெல்லம். சாணத்தில் 30 கிராம், கோமியத்தில் 100 கிராம், மாவில் 70 கிராம் என்று எல்லாம் சேர்த்துத் தழைச்சத்து 200 கிராம் தேறும். கத்தரிக்கு வேண்டியது 40 கிலோ. மண்ணில் எருவும் தழையும் நிறைய இருந்தால் நுண்ணுயிரைத் தூண்ட அது உதவலாம். யூரியாவுக்கு மாற்று என்று அதைக் கழிக்கப் போனால் கணக்கு உதைக்கும். பஞ்சகவ்யமும் அப்படியே. பத்து லிட்டர் நீருக்கு 300 மில்லி என்று தெளிப்பது வளர்ச்சியூக்கியாக, உரமாக அல்ல. சொட்டுநீரில் விடுவதானால் இரண்டு தடவை துணியில் வடிகட்டாமல் விடாதீர்கள், சொட்டுவான் அடைத்தால் உரமும் போகாது, தண்ணீரும் போகாது.

உயிர் உரங்களை இந்தத் திட்டத்தில் சேர்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. தழைச்சத்துக்கு உதவும் அசோஸ்பைரில்லம், மணிச்சத்துக்கு உதவும் பாஸ்போபாக்டீரியா ஆகிய நுண்ணுயிர்களை எக்டருக்கு 2 கிலோ வீதம் எருவோடு கலந்து இடச் சொல்லியிருக்கிறார்கள். நோய்ப் பூஞ்சைகளை அடக்கும் நன்மைப் பூஞ்சையான டிரைக்கோடெர்மா ஏக்கருக்கு ஒரு கிலோவை 100 கிலோ ஈர எருவில் கலந்து நிழலில் சாக்குப் போட்டு மூடி 15 நாள் வைத்து இட்டால் நாற்றழுகலும் வாடலும் குறையும். பொட்டலத்தில் காலாவதி நாளைப் பாருங்கள், கடைக்காரர் அதை வெயிலில் வைத்திருந்தாரா என்றும் பாருங்கள். ரசாயன உரத்தோடு ஒரே கூடையில் கலக்காதீர்கள். டிரைக்கோடெர்மா போட்ட வாரத்திலேயே தாமிரப் பூஞ்சைக்கொல்லியை வேரில் ஊற்றுவது வீண் செலவு.

செலவு பற்றிக் கட்டுரை பேசவில்லை. பேசினால் சங்கடம்தான். 45 கிலோ யூரியா 266 ரூபாய் 50 காசு. மேலே சொன்ன திட்டத்தில் மிச்சமாகும் 17 கிலோ யூரியாவின் விலை நூறு ரூபாய். புண்ணாக்கு கிலோ 30 ரூபாய், மண்புழு உரம் 8 ரூபாய் என்று வைத்தாலும் ஏக்கருக்கு 7,000 ரூபாய் ஆகிறது. நூறு ரூபாயை மிச்சப்படுத்த ஏழாயிரம் செலவழிக்கச் சொன்னால் எந்த விவசாயி கேட்பார்? டிஏபியிலும் பொட்டாஷிலும் குறைத்தால் கணக்கு கொஞ்சம் நேராகும். டிஏபி மூட்டை 1,350 ரூபாய், பொட்டாஷ் 1,500 ரூபாயைத் தாண்டி நிற்கிறது. அப்போதும் முழுத் தொகை திரும்பாது. திரும்புவது வேறு வழிகளில்: மண்ணில் ஈரம் நிற்பதால் பாசன இடைவெளி நீளும், தழைச்சத்து மிதமாகப் போவதால் வெண்டையிலும் கத்தரியிலும் தத்துப்பூச்சி, அசுவினி, வெள்ளை ஈ சேருவது குறைந்து ஓரிரு மருந்துத் தெளிப்பு மிச்சமாகும், இரண்டாம் மூன்றாம் பருவத்தில் எருவின் மிச்சச் சத்து கைகொடுக்கும். எல்லாவற்றையும் விலைக்கு வாங்கிச் செய்கிறவருக்கு இது கட்டுபடியாவது கடினம். மாடு அல்லது ஆட்டுக்கிடை வசதி உள்ளவர், மண்புழுத் தொட்டி சொந்தமாக வைத்திருப்பவர், சணப்பு விதைத்து மக்க இரண்டு மாதம் நிலத்தை விட முடிந்தவர் ஆகியோருக்கே இது லாபம். இதை மறைத்து எழுதுவதால் யாருக்கும் நன்மையில்லை.

இப்படி விளைந்த காயை இயற்கைக் காய் என்று கூடுதல் விலைக்கு விற்கவும் முடியாது. ஒரு கிலோ யூரியா விழுந்தாலும் இயற்கைச் சான்று கிடையாது. ஒட்டன்சத்திரம் சந்தையில் கத்தரியின் விலையை நிறமும் பளபளப்பும் வரத்தும்தான் தீர்மானிக்கின்றன.

ஆனாலும் எருவும் ரசாயன உரமும் சேர்ந்த வழிதான் நிலைத்து நிற்கும் என்பதற்குச் சான்று வேண்டுமானால் கோவைக்குப் போகலாம். அங்கே 1909இல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை வயல்களும், 1972இல் தொடங்கிய நீண்டகாலச் சோதனையும் இருக்கின்றன. அவை பெரும்பாலும் தானியப் பயிர்களில் நடந்தவை, காய்கறியில் அல்ல. ஆனாலும் பரிந்துரைத்த ரசாயன உரத்தோடு தொழுவுரமும் இட்ட பாத்திகளே விளைச்சலிலும் மண்ணின் கரிமத்திலும் முன்னே நிற்கின்றன. ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கை இருக்கிறது. 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்கள், அதே ஆண்டு நவம்பருக்குள் பின்வாங்க வேண்டியதாயிற்று.

எல்லாக் காய்கறிக்கும் இது ஒன்றுபோலப் பொருந்தாது. 25 நாளில் அறுக்கும் கீரைக்கு மெதுவாகச் சத்து விடும் எருவை நம்ப முடியாது. முந்தைய பயிருக்கு இட்ட எருதான் அதற்கு உதவும். கேரட், முள்ளங்கிக்குப் புது எரு இட்டால் கிழங்கு கவட்டையாகப் பிளக்கும். அதையும் முந்தைய பயிருக்கே இட்டுவிட வேண்டும். பச்சையாகத் தின்னும் வெள்ளரி, கொத்தமல்லி, கேரட் ஆகியவற்றில் சுகாதாரக் கேள்வியும் உண்டு. பச்சைச் சாணத்தை இட்டால், தின்னும் பாகம் மண்ணில் படும் பயிருக்கு அறுவடைக்கு 120 நாள் முன்பாகவே இட்டிருக்க வேண்டும் என்பது அமெரிக்க இயற்கை வேளாண் விதி. நம் ஊரில் கீரைப் பாத்தியில் சாணக் கரைசலை அறுப்புக்கு முந்தின வாரம் ஊற்றுகிறார்கள்.

மாற விரும்புகிறவர்கள் முழுத் தோட்டத்தையும் ஒரேயடியாக மாற்ற வேண்டாம். ஐந்து சென்ட்டைப் பழைய முறையிலேயே விட்டு வையுங்கள். இரண்டு பகுதியிலும் பறிக்கும் காயைத் தனித்தனியே எடை போட்டு எழுதி வையுங்கள். மூன்றாவது பறிப்பு வரை புதிய பகுதி சற்றுப் பின்தங்கலாம். அதற்குப் பிறகும் பின்தங்கினால் தழைச்சத்து போதவில்லை.

அரசிடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. உரக் கட்டுப்பாட்டு ஆணை 1985இன் கீழ் மண்புழு உரத்துக்குக் குறைந்தது ஒரு சதவீதம் தழைச்சத்து, 25 சதவீதத்தைத் தாண்டாத ஈரம் என்று அளவுகள் இருக்கின்றன. டிஏபி மூட்டையில் மாதிரி எடுப்பதுபோல் மண்புழு உர மூட்டையில் எடுப்பது அரிது. எடுத்துப் பார்த்தால் எத்தனை மூட்டை தேறும் என்பது வேறு விஷயம். 2023இல் மத்திய அரசு சாணத்திலிருந்தும் கழிவிலிருந்தும் எரிவாயு எடுக்கும் கோபர்தன் திட்ட ஆலைகளில் தயாராகும் இயற்கை உரத்துக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் சந்தை உதவி அறிவித்தது. அந்தப் பணம் விவசாயிக்கு அல்ல, ஆலைத் தரப்புக்குத்தான். மாட்டுத் தொழுவம் வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு எருக்குழிக்கு மேல் ஒரு கூரை போட உதவினால், கோமியம் வழிந்தோடாமல் ஒரு சிமெண்ட் தளம் போட உதவினால், மாடு வெளியேற்றும் தழைச்சத்தில் பாதிக்கு மேல் கோமியத்தில்தான் இருக்கிறது என்பதால் அதே எண்ணிக்கை மாட்டிலிருந்து இன்னும் தரமான எரு கிடைக்கும்.

தங்களிடம் கேட்பது இதுதான். இனி இதுபோன்ற கட்டுரை வெளியிடும்போது அந்த விவசாயி ஏக்கருக்கு எத்தனை கிலோ எரு போட்டார், எந்த உரத்தில் எவ்வளவு கழித்தார், எந்தெந்த நாளில் மேலுரம் வைத்தார், அவருடைய மண் பரிசோதனை எண்கள் என்ன என்பவற்றையும் கேட்டு வாங்கிச் சேர்த்து அச்சிடுங்கள். இடம் போதாவிட்டால் அவருடைய படத்தைச் சிறிதாக்கிக் கொள்ளலாம்.

இப்படிக்கு,
தோட்டக்கலைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற வாசகர்,
திண்டுக்கல் மாவட்டம்.